ஓட விட்ட முறை

நான் என்ன வேலை செய்கிறேன் என்று மலையில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நழுவிவிடுவேன். விளக்கப்போனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான். அமெரிக்காவில் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள், ஆனாலும் அதற்கு ஃபுட்பால் என்று பெயர். ஆண்டுக்கொரு தடவை, கல்லூரி முடித்து வருகிற புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக, முறை வைத்து எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் முறை, ஜெயித்த அணிக்குக் கடைசி முறை. இந்த முறைகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கையில் இருக்கிற ஆளைக் கொடுத்து முறையை வாங்கலாம். இந்த ஆண்டு முறைக்கு அடுத்த ஆண்டு முறையைக் கொடுக்கலாம். எது எதற்கு ஈடு என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை.

அடுத்த ஆண்டு முறை என்றால், அதில் வரப்போகிறவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவன் இப்போது எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருப்பான், தூங்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு நான் கொல்லிமலையில், மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விலை போட்டுவிடுவேன். முகம் தெரியாத ஆள் என்பதால் கொஞ்சம் குறைத்துப் போடுவேன். இல்லாத ஆளுக்கு விலை போடுவது ஆரம்பத்தில் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வேலைக்கென்று ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் வீடியோவை அதில் போட்டால், ஒவ்வொரு ஆட்டக்காரரையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வரையும். அவர் எங்கே ஓடினார், எதிரணியில் யாரை இழுத்துக்கொண்டு போனார் என்றெல்லாம் பார்த்து ஒரு மதிப்பெண் போடும். தினமும் காலையில் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, கேமராவை என் பக்கம் திருப்பி வைப்பேன். என்னைச் சுற்றி ஒரு கட்டம் வரும். மேலே ‘ஒருவர்’ என்று காட்டும். அதற்குப் பிறகு அங்கே இருக்கிற என் மேலதிகாரியம்மாவோடு வீடியோவில் பேச்சு. அவர்களுக்கு அது சாயங்காலம், எனக்கு விடியல். எங்கள் வீட்டில் பின்னறையில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அந்த அறை என் தம்பியுடையது. இப்போது அவன் கட்டிலில் மிளகு மூட்டை இருக்கிறது.

முறைகளை மாற்றுகிற இந்த வியாபாரத்தை மலையில் யாருக்கும் விளக்க முடியாது என்று நினைத்தது என் தலைக்கனம். செம்மேட்டில் மிளகு வாங்குகிற வியாபாரி ஒருவர் மலை ஊர்களுக்குள் கால்பந்துப் போட்டி நடத்தி வந்தார். நம் உருண்டைப் பந்து, காலால் உதைக்கிற ஆட்டம். அவரே சட்டை வாங்கித் தருவார், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆட்டக்காரர்களுக்குக் கூலியும் உண்டு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. குண்டூர் நாட்டு அணியே எல்லா வருசமும் ஜெயித்து, மற்ற ஊர்க்காரர்கள் வருவதையே நிறுத்தும் நிலை வந்தபோது, நான் சும்மா இருக்காமல் இந்த யோசனையைச் சொன்னேன். மலையில் ஆடுகிற எல்லோரையும் ஒரே கும்பலாக வைத்து, அணிகள் முறைபோட்டு எடுக்கட்டும், பிறகு வருசாவருசம் காலியாகிற இடத்துக்கு மட்டும் எடுக்கட்டும், முறையை மாற்றிக்கொள்ளட்டும் என்றேன். புரிய வைக்க ஒரு நாள் ஆகும் என்று தயாராகத்தான் போனேன். டீ ஆறுவதற்குள் அவர்களே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

காரணம், எங்களுக்கு முறைத்தண்ணி பழக்கம். ஓடையிலிருந்து வருகிற வாய்க்கால் ஒன்று, வயல் பல. அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். இன்று உன் முறையை எனக்குக் கொடு, நாற்று நட்ட பிறகு என் முறையை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொள்வதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம். அதற்குச் சில ஒழுங்குகளும் உண்டு. முறைக்காரன் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். அடுத்த முறைக்காரன் வந்து அந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, நான் வந்துட்டேன், நீ ஊட்டுக்குப் போ என்று வாய்விட்டுச் சொல்லும்வரை இவன் மடையை விட்டு நகரக்கூடாது. இன்னொன்று, ஒருவர் செத்துப்போனால் அவருடைய அடுத்த முறையில் யாரும் பாய்ச்ச மாட்டோம். தண்ணீரை ஓடையிலேயே விட்டுவிடுவோம். அதற்கு ஓட விடுவது என்று பெயர்.

என் தம்பி முறை விஷயத்தில் ரொம்பக் கறார். ஒரு தடவை அடுத்த முறைக்காரர் மலையடியில் காரவள்ளி வரைக்கும் போனவர் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். காலையில் போன இவன் மழையில் நனைந்துகொண்டு மடையிலேயே நின்றான். நான் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு போய், யாரும் தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள், வாடா என்று கத்தினேன். அவர் வந்து சொல்லாமல் எப்படிக்கா வருவது என்றான். எனக்கு வந்த கோபத்தில் போசியை வரப்பிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் மைதானம் சரிவின் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கம் முழங்கால் உயரக் கல்கட்டு, அதற்கப்பால் பள்ளம். சாயங்காலமானால் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து அந்தப் பக்கக் கோட்டை அழித்துவிடும். பந்து பள்ளத்தில் விழுந்தால் யார் உதைத்தாரோ அவரே போய் எடுத்து வர வேண்டும், அதுவரை அந்த அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும், மாற்று ஆள் இறங்கக்கூடாது என்பது எங்கள் மைதானச் சட்டம். இரண்டு வருசத்துக்கும் கொஞ்சம் முன்னால் ஒரு மழைக்கால ஆட்டத்தில், எங்கள் அணிக் கேப்டன் உதைத்த பந்து கல்கட்டைத் தாண்டிப் போனது. கேப்டன் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவர்தான் போயிருக்க வேண்டும். ஆனால் என் தம்பி பக்கத்தில் நின்றான். நான் போறேன் என்று கையைக் காட்டிவிட்டுக் கல்கட்டைத் தாண்டினான். மேகம் அவனை இடுப்பு வரை மூடியது, அப்புறம் தலையும் தெரியவில்லை.

மறுநாள்தான் பாறைகளுக்கிடையில் கிடைத்தான். பந்து கிடைக்கவே இல்லை. எல்லோரும் தேடப்போனதில் அந்த ஆட்டத்தை முடித்து விசில் ஊதுவதற்கும் ஆளில்லாமல் போனது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் செம்மேட்டில் நடந்த ஆள் எடுக்கிற கூட்டத்தில், எங்கள் அணிக்கு முதல் முறை வந்தது. என் தம்பியைப் போன தடவை அந்த முதல் முறையில்தான் எடுத்திருந்தோம். அண்ணன் எழுந்து நின்றார். “அது எந்தம்பியோட முறைங்க. ஓட உட்டுடுங்க,” என்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள். ஓட விட்ட முறைக்கு வேறு ஆள் கிடையாது என்பதால் அந்த வருசம் பத்துப் பேரோடு ஆடிக் கடைசியில் நின்றோம். கடைசி அணிக்குத்தான் முதல் முறை என்பதால், போன வருசமும் முதல் முறை எங்களுக்கே வந்தது. அதையும் அண்ணன் ஓட விட்டார். மறுபடியும் பத்துப் பேர், மறுபடியும் கடைசி. தண்ணீரை ஒரு தடவைதான் ஓட விடுவோம். இவர் இரண்டு தடவை விட்டார். அவரிடம் அதைச் சொல்கிற அளவுக்கு யாருக்கும் தைரியமில்லை. எனக்கு அவரோடு பேச்சே இல்லை. அவர் உதைத்த பந்து என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

இந்த வருசம் கூட்டத்துக்கு முந்தின வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டூர் நாட்டு அணி அந்த முதல் முறையைக் கேட்கிறதாம். புதிதாக ஒரு முன்வரிசைக்காரன் வந்திருக்கிறான், அவனுக்காகத்தான். பதிலுக்குத் தங்கள் கோல்கீப்பரைத் தருகிறார்களாம். இந்த வருசமும் கடைசியில் நின்றால் எங்கள் அணியையே கலைத்து ஆட்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவதாக வியாபாரி சொல்லிவிட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் மிளகு மூட்டையைப் பார்த்தார். அது எந்தக் கட்டில் என்று அவருக்குத் தெரியும்.

“அந்த முறைக்கு நீயே ஒரு வெல சொல்லு அம்மிணி. நீ சொன்னீன்னா குடுத்தர்றேன். வேண்டாம்னா இந்த வருசமும் ஓட உட்டர்றேன். எனக்கா முடிவு பண்ண முடியல,” என்றார்.

உடன்பிறந்த தம்பிக்கு விலை போடச் சொல்லி அக்காவிடமே வந்து நிற்கிற ஆளை என்னவென்று சொல்வது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு வருசமாக அந்த மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஒரு முறைக்கு விலை போட வேண்டுமென்றால், அது காலியாக இருப்பதால் என்ன நஷ்டம் என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்டங்களை சில்வர் ஓக் மரத்தில் போனைக் கட்டிவைத்து எடுப்பது வழக்கம். அந்த வீடியோக்களை மென்பொருளில் போட்டேன். எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கும் கட்டம் வந்தது. எதிரணி பதினொன்று. நடுவர் ஒருவர். அதற்கு மேலும் ஒரு கட்டம் இருந்தது.

கல்கட்டுக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத புல்லைச் சுற்றி அது நின்றது. ஆள் உயரம், ஆள் அகலம். மேகம் கண்ணை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்து, வெயில் காய்ந்த ஒரு நாளின் ஆட்டத்தைப் போட்டேன். அதிலும் இருந்தது. ஆடு நின்றிருக்குமோ, கல்லைப் பார்த்து ஆள் என்று நினைத்துவிட்டதோ என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல் மட்டும்தான் இருந்தது. வீட்டில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிந்தது.

இன்னும் கொஞ்சம் பார்த்தபோது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஆட்டம் எங்கே நடந்தாலும் அந்தக் கட்டத்தை விட்டு விலகாமல் நின்றான். ஒருவனை மறிக்கிற மாதிரி கையைக்கூட விரித்து வைத்திருந்தான். இன்னொரு ஆட்டத்தில் வேறு அணி, வேறு ஆள். அவனும் அப்படியே நின்றான். மென்பொருள் அந்தக் காலிக் கட்டத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தது. எங்கள் அணியில் அதுதான் அதிகம். எப்போதும் ஒரு எதிராளியைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிற ஆளுக்கு எந்த நாட்டிலும் அந்த விலைதான்.

அவன் ஆடுகிறான் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். அண்ணனைப் போனில் கூப்பிட்டு, குண்டூர் நாட்டுக்காரர்கள் அணியையே எழுதிக் கொடுத்தாலும் அந்த முறையைக் கொடுக்காதீர்கள் என்றேன். இரண்டு வருசத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. ஏன் என்று கேட்காமல், சரி அம்மிணி என்றார்.

மறுநாள் அதே வீடியோவில் இரண்டாம் பாதியைப் போட்டேன். தம்பியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். தம்பி மாதிரி இடது பக்கம் ஆடுகிறவன் மைதானத்தின் எதிர்ப்புறத்துக்குப் போயாக வேண்டும். எல்லாக் கட்டங்களும் மாறின. அந்தக் கட்டம் மாறவில்லை. கல்கட்டுக்குப் பக்கத்தில், முதல் பாதியில் நின்ற அதே புல்லில் நின்றது. வேறு ஆட்டம் போட்டேன். அதிலும் அதே இடம். எல்லா ஆட்டத்திலும் அதே இடம். பந்து பக்கத்தில் வந்தபோதும் அது ஒரு அடி நகரவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் யாரோ போனை அவிழ்க்க மறந்துபோன ஒரு வீடியோ இருந்தது. வெறும் மைதானம். கோல் கம்பத்தில் ஒரு காக்கை. மேகம் ஏறி வந்து கல்கட்டு மறைந்த பிறகும், வெள்ளைக்குள் அந்தப் பச்சைக் கட்டம் மட்டும் இருந்தது. சார்ஜ் தீர்ந்து படம் நிற்கும்வரை அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மழையில் மடையருகே நின்ற அவன் முகம்தான்.

அவன் ஆடவில்லை. பந்தெடுக்கப் போனவன் திரும்பும்வரை மாற்று ஆள் வரக்கூடாது என்பது சட்டம். நாங்கள் அவன் இடத்தைக் காலியாக வைத்து அவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்தோம். தண்ணீரை ஓட விட்டோம், சரி. மடையில் நின்றவனிடம் போய் யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது வந்து சொல்லாமல் அவனும் நகர்கிற ஆளில்லை.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அவன் ஆடலீங்கண்ணா. நிக்கறான். ஆள் மாத்த யாரும் போகலீங்க. பந்தை அடிச்சது நீங்க. நீங்கதான் போகோணும்,” என்றேன்.

அவர் குச்சிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் திட்டத்தான் அந்தச் சொல்லை இரண்டு வருசமாக வைத்திருந்தேன். சொன்னபோது அதில் கோபம் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த இடத்தை இனிமேல் காலியாக வைக்கக்கூடாது என்பதால், முறைக்கு விலை நான்தான் பேசினேன். கூட்டத்தில் குண்டூர் நாட்டுக் கேப்டன் கோல்கீப்பர் மட்டும்தான் என்றார். முன்வரிசைக்காரன் எப்படி ஓடுகிறான் என்று எனக்கும் தெரியும், கோல்கீப்பரோடு அடுத்த வருச முதல் முறையும் வேண்டும் என்றேன். அடுத்த வருசம் யார் வருவான் என்றே தெரியாதே, அதற்கு ஏன் இவ்வளவு அடம் என்று அவர் கேலி செய்தார். தெரியாத ஆளுக்கு விலை போடுவதுதாங்க என் வேலை என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். எங்கள் முறை வந்தபோது அண்ணன் எழுந்து, கொடுத்துட்டோம் என்றார்.

அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போனோம். அண்ணனும் நானும் மட்டும். மேகம் கல்கட்டு வரை வந்து நின்றிருந்தது. எந்த இடம் என்று நான் காட்டினேன். வீடியோவில் பார்த்துப் பார்த்து அந்தப் புல் எனக்கு மனப்பாடம். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றார். மண்வெட்டி வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பந்து அவருடையது என்பதால் பேசாமல் நின்றேன். கடைசியில் அவருக்கே வந்தது.

“நான் வந்துட்டேன் சாமி. நீ ஊட்டுக்குப் போ.”

ஒன்றும் நடக்கவில்லை. காற்றுகூட அசையவில்லை. அவர் நீட்டிய கை கொஞ்சம் இறங்கியதை மட்டும் பார்த்தேன், எதையோ வாங்கினால் இறங்குமே, அந்த அளவுக்கு. அவர் கை வலித்துத் தளர்ந்திருக்கலாம். இருட்டும் வரை தான் அங்கேயே இருப்பதாகச் சொல்லி என்னைப் போகச் சொன்னார். திரும்பி நடக்கும்போது வழியில் நான் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்துவிட்டால் தாங்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அந்த வாரமே அண்ணன் கல்கட்டு நெடுக மூங்கில் நட்டு வலை கட்டிவிட்டார். இனி பந்து அந்தப் பக்கம் போகாது.

முறையைக் கொடுத்து, மைதானத்துக்கும் போய்விட்டு வந்த மறுநாள் காலை வழக்கம்போல அம்மா கொடுத்த டீயோடு பின்னறைக்குப் போனேன். மூட்டையை ராத்திரியே இறக்கி வெளியில் வைத்திருந்தேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, எலி வருகிறது என்று சொன்னேன். கட்டிலில் பாய் மட்டும் விரித்திருந்தது. மென்பொருளைத் திறந்து கேமராவை என் பக்கம் திருப்பினேன். என்னைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்தது. எனக்குப் பின்னால், கட்டிலின் மேல், படுத்திருக்கிற ஆளின் நீளத்துக்கு இன்னொரு கட்டம் வந்தது. மேலே ‘இருவர்’ என்று இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமில்லை. அவ்வளவு நாள் நின்ற கால், தூங்கட்டும் என்றிருந்தது. டீ டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தேன். அதற்குள் மேலதிகாரியம்மா இணைப்பில் வந்துவிட்டார். என் திரை அவருக்கும் தெரியும். காலை வணக்கம் சொல்லிவிட்டு, உன்னோடு யாரோ இருக்கிறார்களே, யாரது என்று கேட்டார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் தம்பி, நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தான் என்றேன்.